மூங்கில் குழாயின் அடியில் மணல்

நோன்புப் பெருநாள் நெருங்குகிறது. சுங்கை பட்டாணி சந்தையில் குழாயில் அரிசி அடைத்து லெமாங் சுடுகிறவர் பச்சை மூங்கில்களை அலசிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த ஈர வாசனை வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டேன். கால்வலி என்று மகள் நினைத்துக்கொண்டாள். எதையும் திருத்தாமல் விடாதவள் நான்; அதை விட்டுவிட்டேன்.

நீங்கள் பாலிங் மலைக்காட்டில் பிறந்து, ஞானஸ்நானம் பெற்று, எங்கள் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். உங்களை நம்பித்தான் உங்கள் சனம் ஏழெட்டுப் பேர் ஞாயிறுதோறும் காட்டிலிருந்து இறங்கி வந்து சிற்றாலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் மகள். ஜப்பான்காரன் வந்ததும் கான்வென்ட் மூடியதால் வீட்டில் இருந்தேன். பதினைந்து வயது, ஞானோபதேசம் முழுவதும் மனப்பாடம்.

உங்கள் கணவரை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போன பிறகு கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. சாமியாரையும் அடைத்துவைத்திருந்தார்கள். குழந்தைக்குக் கண் செருகியபோது, மூங்கில் குழாயிலிருந்த தண்ணீரை அதன் தலையில் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தைப் பிசகாமல் சொல்லி, மரியா என்று நீங்களே பெயரிட்டீர்கள். சாவு நெருங்கினால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபை வழக்கம். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

மறுநாள் காலை அடக்கம். "காட்டுக்காரி சாமியாராயிட்டாளா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். சாமியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்தும் உபதேசியார் என்னைப் பார்த்தார்.

"அது கொடியில வடிஞ்ச சாறு. நல்ல தண்ணி இல்லாத ஞானஸ்நானம் செல்லாது," என்றேன். முந்தின வாரம் நீங்கள் காட்டுக்கொடியை வெட்டி, வடிந்த நீரைக் குடித்ததைப் பார்த்திருந்தேன். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

"ஆத்துத் தண்ணி பாப்பா. சுங்கைல நானே மொண்டேன்."

"பொய் சொல்லாதே."

"கான்வென்ட் புள்ள சொன்னா சரியாத்தான்லா இருக்கும்," என்றார் உபதேசியார். மரியாவுக்கு மந்திரித்த மண் கிடைக்கவில்லை. கல்லறை வேலிக்கு வெளியே, ரப்பர் மரத்தடியில் புதைத்தார்கள்.

சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலில் அந்தக் குழாய் கிடந்தது. எடுத்துக் கவிழ்த்தேன். மிச்சத் தண்ணீரோடு ஒரு சிட்டிகை ஆற்று மணல் என் உள்ளங்கையில் விழுந்தது. உபதேசியார் வீடு கூப்பிடு தூரம். போகவில்லை. நான் சொன்னது தவறு என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அடுத்த ஞாயிறு பின்வரிசை காலி. நீங்கள் மலைக்கே திரும்பிவிட்டீர்கள். உங்கள் சனம் பிறகு வரவேயில்லை. போர் முடிந்து வந்த சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "என்கிட்ட சொல்லி என்னம்மா? அவகிட்ட போய்ச் சொல்லு," என்றார். கல்யாணமான பின் ஒருமுறை கணவரோடு காரில் பாலிங் வரை வந்தேன். கடையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். எதற்காக வந்தோம் என்பது சாகும்வரை அவருக்குத் தெரியாது.

நீங்கள் இறந்து வெகுகாலம் ஆயிற்று என்று போன வருடம்தான், அந்தப் பக்கம் போய்வந்த கன்னியாஸ்திரீ ஒருவர் சொன்னார்.

கல்லறைத் திருநாளில் என் கணவருக்கு மெழுகுவத்தி ஏற்றிய கையோடு, வேலிக்கு வெளியே போய் இன்னொன்று ஏற்றுகிறேன். அங்கே இப்போது ரப்பர் போய்ச் செம்பனைத் தோட்டம், இடம் உத்தேசம்தான். யாருக்கு என்று பிள்ளைகள் கேட்டால், காற்றில் திரி அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

தோட்டத்துப் பெண்கள் எல்லாரையும் அக்கா என்று கூப்பிட்டவள், உங்களை மட்டும் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை.

அது ஆற்றுத் தண்ணீர்தான், அக்கா.