பிரசங்கம் இல்லாத ஞாயிறு

பாளையங்கோட்டை
3 ஜூன் 2024

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

தங்கை புஷ்பா எழுதுவது. நானும் மகள் ஷர்மிளாவும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

போன் செய்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்புவதற்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படம்தான் வருகிறது. அதனால்தான் இந்தக் காகிதம்.

ஹைதராபாத்திலிருந்து வந்த நாகம்மா அக்கா கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்க அண்ணாச்சி சர்ச்சுக்கே வாறதில்லையே? குவேக்கர்னு யாரோ, பாட்டும் கிடையாது, பாஸ்டரும் கிடையாது, சும்மா உக்காந்துட்டு வாறாங்களாமே, அங்கல்லா போறாரு!"

ஆகஸ்டில் ஷர்மிளாவுக்குக் கல்யாணம். அவள் அப்பா இல்லாத இடத்தில், கையைப் பிடித்துப் பீடத்துக்கு அழைத்துப்போக வேண்டியவர் நீங்கள். சபையை விட்டவர் எப்படி அந்தப் படி ஏறுவது? திரும்பி வந்துவிடுங்கள். இல்லையென்றால் அவள் பெரியப்பாவைத்தான் கேட்கவேண்டும். இதை எழுத எனக்கு மனசே இல்லை.

உங்கள் தங்கை,
புஷ்பா


மெட்டுகுடா, ஹைதராபாத்
12 ஜூன் 2024

அன்புத் தங்கை புஷ்பாவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. காதுதான் போய்விட்டது.

சனத்நகர் பட்டறையில் தகடு அடித்தே பாதி போனது. மீதி இரண்டு வருஷத்தில் போயிற்று. காது மெஷின் வாங்கி மாட்டினேன். கோயில் ஆர்கன் அதில் அரவை மில் மாதிரி இரைந்தது. கழற்றி வைத்துவிட்டேன். பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழுவேன், உட்கார்ந்தால் உட்காருவேன். ஒரு ஞாயிறு எல்லோரும் சிரிப்பதாக நினைத்து நானும் சிரித்தேன். போதகர் இறந்துபோன ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தத் தாய் எனக்கு முன்பெஞ்சில் இருந்தாள். அன்றைக்குப் பிறகு என்னால் அந்தப் படி ஏற முடியவில்லை.

மாடிவீட்டு கிரிஜா நம் தமிழ்ப் பெண்தான், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், 'வேண்டாம்' என்பதற்கு இந்த ஊர் மாதிரி 'நக்கோ' என்பாள். முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்: "பிரசங்கம் நக்கோ, பாட்டும் நக்கோ அங்கிள். சும்மா வந்து உக்காருங்க." அவள் வீட்டு ஹாலில் வட்டமாக நாற்காலி. ஒரு நாற்காலியில் லேப்டாப், அதற்குள் பெங்களூர்க்காரர்கள் சிலர். எல்லோரும் பேசாமல் தேவனுக்குக் காத்திருப்பார்கள். யாருக்காவது உள்ளே ஒரு வார்த்தை வந்தால் எழுந்து சொல்லலாம். வராவிட்டால் இல்லை. கடைசியில் கை குலுக்கிக்கொள்வோம். அங்கே யாரையும் பார்த்து எழவேண்டியதில்லை, புஷ்பா. நான் மதம் மாறவில்லை. ஜெபம் பண்ண ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெரியப்பாவே அழைத்துப்போகட்டும். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய்.

அன்பு அண்ணன்,
குணசேகரன்


பாளையங்கோட்டை
20 ஜூன் 2024

அண்ணா,

என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? கேட்காத மனுஷனுக்குப் பேசிப் பேசி அனுப்பியிருக்கிறேனே!

டிக்கெட் எடுத்துவிட்டேன். உங்கள் கூட்டத்துக்கும் வருவேன். கண்ணை மட்டும் மூட மாட்டேன்.

புஷ்பா


மெட்டுகுடா
9 ஜூலை 2024

அன்புள்ள புஷ்பாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ வைத்துவிட்டுப் போன கருவாட்டுக் குழம்பு இன்றைக்கும் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணைத் திறந்தபோது நீ எழுந்து நின்றிருந்தாய். வாய் அசைந்தது. கன்னமெல்லாம் நனைந்திருந்தது. கோபத்தில் எல்லோரையும் திட்டுகிறாய் என்றுதான் முதலில் பயந்தேன்! பிறகு கிரிஜா சொன்னாள், நீ பாடினாயாம். "எங்க மீட்டிங்ல இதுவரைக்கும் யாரும் பாடினதில்ல அங்கிள். ஆனா அது வந்துச்சு, அதனால பாடினாங்க. பர்வாலேது, ஒண்ணும் தப்பில்ல." லேப்டாப்புக்குள் ஒருவர் கண்ணைத் துடைத்தாராம். அவர் அசையாமல் இருந்ததைப் பார்த்து, நெட் நின்றுபோயிற்று என்று நீ சைகை காட்டினாயே, அவர்தான்.

கிளம்பும்போது ஷர்மிளாவை நானே அழைத்துப்போக வேண்டும் என்று என் உள்ளங்கையில் விரலால் எழுதினாய். ஆசைதான். ஆனால் "இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார்?" என்று போதகர் கேட்கும்போது நான் மரம் மாதிரி நிற்பேனே. அவள் நாளில் இன்னொரு தடவை சபை என்னைத் திரும்பிப் பார்க்கவேண்டாம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன்.

அண்ணன்,
குணசேகரன்


பாளையங்கோட்டை
22 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடைசி பெஞ்செல்லாம் மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகளுக்கு. உங்களுக்கு அங்கே இடமில்லை.

போதகரைப் போய்ப் பார்த்தேன். கேள்வி கேட்கும் முன் உங்கள் தோளைத் தொடுவதாகச் சொன்னார். பிறகு இன்னொன்றும் கேட்டேன். ஆசீர்வாதத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஆர்கன், பாட்டு, ஜெபம் ஒன்றும் இல்லாமல் சபை முழுக்கச் சும்மா இருக்கவேண்டும் என்று.

"சும்மா இருந்தா, நான் அடுத்த வரிய மறந்துட்டேன்னு ஜனங்க நினைப்பாங்களேம்மா!"

"நினைச்சாங்கன்னா நினைக்கட்டும் ஐயா. எங்க அண்ணனும் எங்ககூட ஜெபம் பண்ணணும்."

அவர் ஆராதனைப் புத்தகத்தை எடுத்து அந்த இடத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சரி என்றார். ஷர்மிளாவிடம் சொன்னபோது என்னைக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்துவிடுங்கள். நாலு நாள் முன்னாலேயே வந்துவிட வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில், உங்களுக்குக் கேட்காத எதுவும் எங்களுக்கும் கேட்காது அண்ணா.

உங்கள்
புஷ்பா