வெயில் படாத முதுகு

1998 பெப்ரவரி 9, திங்கள்
விடியற்காலை பனி. பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். கூரைத் தகரத்துக்கு ஆணி வாங்க மறதி.

பக்கத்து லயத்து வரிசைவீட்டு வள்ளியம்மா தேயிலை மலையில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடுங்கி கங்காணிமேல் வீசிவிட்டாளாம். அவருக்குத் தோளில் தையல். என்னிடம் படித்தவள். வகுப்பில் அட்டை கடித்தாலும் அதைக் கொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே விடுகிற பிள்ளை.

இப்போது அவளுக்கு இரண்டு கையும் தீயில் வாட்டியது போலக் கறுப்பு, வெடிப்பு. கழுத்தைச் சுற்றியும் அதே. வயிற்றோட்டம் வேறு. லயத்துச் சனம்: "ஆத்தா எறங்கியிருக்கா." அதனால் மீன், முட்டை நிறுத்தி மாதக்கணக்கு. காசநோய்க்கு விழுங்கும் மாத்திரை, ரொட்டி, பாலில்லாத சாயத்தண்ணி. அவ்வளவே.

11, புதன்
மத்தியானமே உடுக்குச் சத்தம். பேயோட்ட வந்த கோடாங்கி கையில் பிரம்பு. புருஷன் மாரிமுத்து அவள் தலைமயிரைச் சுற்றிப் பிடித்திருந்தான்.

கோடாங்கி, "யாருடி நீ, சொல்லு."

"வள்ளியம்மாடா. கண்ணு அவிஞ்சு போச்சா?"

யாரோ சிரித்தார்கள். அதற்கும் சேர்த்து அவள் முதுகில் பிரம்படி.

குறுக்கே போனேன். விறகுக்கட்டையால் என் நெற்றியில் போட்டாள். ரத்தம். கோடாங்கி, "ஓரமா போங்க சேர், இது பள்ளிக்கூடமில்ல."

இழுபறியில் அவள் ரவிக்கைக் கை கிழிந்தது. உள்ளே தோல் சுத்தம். காலண்டரைக் கழற்றினால் சுவரில் அந்த இடம் மட்டும் புதிதாக இருக்குமே, அப்படி. ஆத்தா ரவிக்கை அளவு பார்த்தா இறங்குவாள்? மாரிமுத்துவிடம் இதையே கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இல்லாட்டி நான் பொலிசுக்குப் போறேன்."

12, வியாழன்
ஹட்டன் பஸ்ஸில் அவளைச் சேலையால் கட்டித்தான் ஏற்றினோம். நெற்றி வீக்கம்.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெடியன். கையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், என்ன சாப்பாடு என்று கேட்டார். "சத்துக் குறைவு, மாஸ்டர். காச மாத்திரையும் அந்தச் சத்தைக் குறைக்கும். ஆனா அதை நிப்பாட்டக் கூடாது. தோல், வயிறு, மூளை மூண்டும் ஒண்டாக் கெடும். வெயில் படுற தோல்தான் கருகும். மீன், முட்டை, விற்றமின். சுகம் வரும்."

பிறகு அவளைத் திருப்பினார்.

"முதுகில வெயில் படாதே. இது என்ன?"

மாரிமுத்து சுவரைப் பார்த்தான்.

22, ஞாயிறு
மழை. வார்டுக்குப் போனேன். கைத்தோல் உரிந்து கீழே இளஞ்சிவப்பு. என் நெற்றியைப் பார்த்து, "நானா சேர்?" என்று கேட்டு அழுதாள்.

மாரிமுத்து மீன்குழம்பும் அவித்த முட்டையும் கொண்டு வந்தான். முழுக்கச் சாப்பிட்டாள். கை கழுவினாள். சேலையில் துடைத்தாள். விட்டாள் ஓர் அறை, அவன் கன்னத்தில்.

தாதி ஓடி வந்து, "மூளை வருத்தம் திரும்பிட்டுதா டொக்டர்?"

அவர் எழுதிக்கொண்டே, "இல்ல. தெளிஞ்சிட்டா."