பலகையில் ஐந்து பெயர்கள்

12.1.1993
மழை. முழங்கால் பரவாயில்லை.

மாலையில் நிரோஷினியோடு பனி ஸ்கேட்டிங் தளத்துக்குப் போய்வந்தேன். மேல்மாடியில் குடியிருக்கும் வசந்தமலரின் மகள். தாய்க்கு ஆஸ்பத்திரி லோண்டரியில் பின்னேர ஷிப்ட் என்பதால் துணைக்குப் போகத் தொடங்கிய பழைய வாத்தியார் நான், இப்போது ரசிகனாகிவிட்டேன்.

சென்ற போட்டியில் அவள் மூன்றாவது. முதலிடம் ட்ரேசிக்கு. ட்ரேசியைப் பழக்குகிறவரே ஐந்து நடுவர்களில் ஒருவர். யார் எத்தனை புள்ளி போட்டார் என்பதையும் காட்டுவதில்லை. ட்யூஷன் கொடுத்தவரே சோதனைத் தாளையும் திருத்தி, புள்ளியையும் ஒளித்தால், பிள்ளை உண்மையிலேயே கெட்டிக்காரியாக இருந்தாலும் யார் நம்புவார்கள்? ட்ரேசிக்கும் அது அநியாயம்தான்.

20.1.1993
பின்வரிசை ரசிகர்கள் மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறார்கள். தலைவி மிஸிஸ் ஹிக்ஸ், ஓய்வுபெற்ற தபால்காரி. கோரிக்கை இரண்டு: பழக்குகிறவர் தான் பழக்கும் பிள்ளைக்கு நடுவராக இருக்கக்கூடாது; ஒவ்வொரு நடுவரின் புள்ளியும் பெயரோடு புள்ளிப் பலகையில் வரவேண்டும். நானும் ஒப்பமிட்டேன்.

3.2.1993
கிளப் செயலாளர், மிஸிஸ் ஹிக்ஸிடம் கேட்டாராம்: "உங்கள் பிள்ளை வென்றிருந்தால் இதைக் கேட்டிருப்பீர்களா?"

நல்ல கேள்வி. வசந்தமலரிடம் சொன்னேன்.

"கேப்பம் எண்டு சொல்லுங்கோ மாஸ்டர். கேக்கிறமோ இல்லையோ, பிறகு பாப்பம்."

14.3.1993
கிளப்பில் ஒத்துக்கொண்டார்கள். ஒரு போட்டிக்கு மட்டும், பரீட்சார்த்தமாக.

28.3.1993
இன்று அந்தப் போட்டி. படுக்குமுன் எழுதிவிடுகிறேன்.

நிரோஷினி அருமையாக ஆடினாள். ஆடி முடிந்ததும் ரசிகர்கள் பூ எறிவது வழக்கம், இதழ் உதிராமல் தாளில் இறுகச் சுற்றிய பூ. வசந்தமலர் போட்டிக்கு வந்தது இன்றுதான் முதல் தடவை. காலையில் அர்ச்சனை செய்த கோயில் பூவைக் கைக்குட்டையிலிருந்து அள்ளி, சாமிக்குத் தூவுவதுபோல் தூவிவிட்டார். தளத்து ஆட்கள் பெரிய பூக்களை மட்டும் பொறுக்கிப் போனார்கள். அடுத்து வந்த ட்ரேசி எங்களுக்கு நேர் முன்னால் விழுந்தாள். அதன்பிறகு அவளுக்கு ஒன்றும் சரிவரவில்லை. தடுப்போரம் போய்ப் பார்த்தேன். நசுங்கிய செவ்வந்தி இதழ், அதிலிருந்து பனியில் நீளமான ஒரு கீறல்.

நடுவர்கள் கவனிக்கவில்லை. பலகையில் நிரோஷினி முதலாவது. ஆட இன்னும் ஒரு பிள்ளைதான் மிச்சம்.

"உங்கட பூவாலதான் விழுந்தவள்," என்றேன்.

"ஒரு இதழாலயோ? விசர்க்கதை கதையாதேங்கோ." பிறகு மெதுவாக, "உங்களைக் கும்பிட்டன் மாஸ்டர், பேசாமல் இருங்கோ. பிள்ளை இப்பதான் மேல நிக்கிறாள்."

இதழைக் கண்டிருந்த மிஸிஸ் ஹிக்ஸும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"நாங்கள் நடுவர்மாரிட்டக் கேட்டது என்ன? ஒளிக்காமல் காட்டுங்கோ எண்டுதானே?" என்றேன் வசந்தமலரிடம்.

கடைசிப் பிள்ளையின் பாட்டு முடியும்வரை கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு தானாகவே எழும்பினார்.

"வாங்கோ, நடுவரிட்டச் சொல்லுவம். எனக்கு இங்கிலீசு தடக்கும்."

தலைமை நடுவர் வந்து இதழைப் பார்த்தார். ட்ரேசியை மறுபடி ஆட விட்டார். அவளே வென்றாள். அவளைப் பழக்கியவர் இம்முறை நடுவர் வரிசையில் இல்லை; ஆனாலும் ஐந்து பேருமே அவளுக்குத்தான் கூடப் புள்ளி போட்டிருந்தார்கள்.

29.3.1993
நிரோஷினி தாயோடு பேசவில்லை. என்னோடும்தான்.

16.4.1993
இனி எல்லாப் போட்டிக்கும் இதே முறை என்று செயலாளர், மிஸிஸ் ஹிக்ஸிடம் சொன்னாராம். "என்ன, மனம் மாறிவிட்டதா?" என்று இவர் சீண்டியதற்கு, "அந்தப் பூக்காரத் தாய்க்கு நன்றி சொல்லுங்கள்," என்றாராம்.

நிரோஷினி இன்று பேருந்தில் எனக்கு மிட்டாய் நீட்டினாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

27.6.1993
கோடைப் போட்டி. நிரோஷினி நாலாவது. பலகையில் ஐந்து பெயர், ஐந்து புள்ளி. கடைசி நடுவர்தான் ஆகக் குறையப் போட்டிருந்தார். எனக்கு அது அநியாயமாகப்பட்டது. சொன்னேன்.

வசந்தமலர் பலகையை ஒருமுறை வாசித்தார்.

"இல்லை மாஸ்டர், அந்தாள் போட்டது சரி. ரெண்டாவது பாய்ச்சலில பிள்ளை மற்றக் காலை ஊண்டினவள். நீங்கள் காணேல்லையோ?"

காணவில்லை. நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.