கேபிளில் ஏறிய அணிலும் குஞ்ஞிப்பாவின் தென்னையும்

கரிம்பாறக்கடவு,
ஜூலை 3, புதன்.

என் அன்புக் கணவர் சைதலவி இக்காவுக்கு மைமூனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இன்றைக்கு எனக்குச் சுகம் என்ற சொல் போதவில்லை. ஜெயித்துவிட்டோம் இக்கா! உலகக் கோப்பையில் பிரேசில் ஜெயித்ததைச் சொல்லவில்லை, அர்ஜென்டினாக்காரரான நீங்கள் அதைச் சவூதியில், தம்மாமிலேயே பார்த்து வயிறு எரிந்திருப்பீர்கள். நான் நம் கேபிள் டிவி லைனைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் போன மாதம் பத்தாம் தேதியே கிடைத்தது. "பொம்பள ஒருத்தி கேபிள் லைன் நடத்துறது கஷ்டம், கோப்பை முடிஞ்சதும் டவுன் கம்பெனிக்கே கொடுத்துடு, கன்ட்ரோல் ரூம் சாவிய உம்மர்க்காகிட்ட ஒப்படைச்சுடு" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் ஏன் பதிலே போடவில்லை என்று போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் "சீக்கிரம் சொல்லு, கட் ஆயிடும்" என்று சொல்லியே பாதி நேரத்தைத் தீர்த்துவிடுவீர்கள். இது அப்படி அவசரத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை. சோறு தின்று முடித்து, கால் நீட்டி உட்கார்ந்து படியுங்கள்.

உம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. நம் மகள் ஷம்னா கணக்கில் பாஸாகிவிட்டாள், உங்கள் மூளை இல்லை, அல்ஹம்துலில்லாஹ். வடக்கு ஓரத்துப் பலா இந்த வருஷமும் மழைக்கு முன்னால் பழுக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோப்பை வந்தால் நம் முச்சந்தி எப்படி ஆடும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் அண்ணன் உம்மர்க்கா பிரேசில்காரர்களுக்குத் தலைவர், டீக்கடை குஞ்ஞிப்பா அர்ஜென்டினாக்காரர்களுக்குத் தலைவர். இந்தத் தடவை யார் கொடி உயரம் என்று போட்டி. உம்மர்க்கா கொடியைப் பள்ளிவாசல் பக்கத்துத் தென்னை உச்சியில் கட்டினார். மறுநாளே குஞ்ஞிப்பா தன் கடைத் தென்னையில் அதைவிட ஒரு முழம் மேலே கட்டினார். பிறகு மரத்துக்கு மரம் கயிறு கட்டிக் கொடித் தோரணம். எல்லாக் கயிறும் அதே மரங்களில் ஓடுகிற நம் கேபிளைத் தொட்டுக்கொண்டுதான் போயின. நான் சொன்னேன், யார் காதில் விழுந்தது?

ஜூன் பன்னிரண்டாம் தேதி உங்கள் அர்ஜென்டினா சுவீடனோடு ஆடியது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முச்சந்திக்கு அந்தப் பக்கம் முழுக்க டிவியில் புள்ளி புள்ளியாக மழை. நானும் தேங்காய் பறிக்கிற வேலாயுதனும் ஓடிப்போய்ப் பார்த்தால் கேபிள் அறுந்து தொங்குகிறது. வேலாயுதன் மரமேறி ஒட்டுவதற்குள் ஆட்டம் முடிந்து, உங்கள் அணியும் மூட்டை கட்டிவிட்டது. குஞ்ஞிப்பா கடை வாசலில் நின்று கத்தினார்: "எங்க புள்ளைங்க அழுவுறத பாக்க முடியாம உம்மர்தான் வயர வெட்டிருக்கான். ரொம்ப இரக்கம் உள்ள மனுசன்!" கடையே சிரித்தது. உம்மர்க்கா சிரிக்கவில்லை.

பதினேழாம் தேதி பிரேசில் பெல்ஜியத்தோடு ஆடியபோது அதே இடத்தில் மறுபடி அறுந்தது. இப்போது உம்மர்க்காவின் முறை. "தோத்துப் போன வயித்தெரிச்சல்ல வயர வெட்டுறானுங்க" என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்கே போய்விட்டார். அங்கே போய்ப் பார்த்தால் தோரணத்தில் பிரேசில் கொடியின் ஓரம் நார் நாராகக் கிழிந்திருக்கிறது. குஞ்ஞிப்பா தன் கொடியைக் காட்டினார், அதுவும் கிழிந்திருந்தது. ஒருத்தரை ஒருத்தர் சட்டையைப் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. பெருநாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்ட கைகள் இக்கா!

மறுநாள் மாலை உம்மர்க்கா டவுன் கம்பெனி ஆளையும் கூட்டிக்கொண்டு நம் முற்றத்துக்கே வந்துவிட்டார். அந்த ஆள் நம் கன்ட்ரோல் ரூமை எட்டிப்பார்த்து, "இதெல்லாம் பழைய சாமான்" என்று முகத்தைச் சுளித்தான். உம்மர்க்கா, "மைமூனா, தம்பியே எழுதிட்டான். நீ ஏன் அடம் பிடிக்கிற? ஊர்ல தலை காட்ட முடியல எனக்கு" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "கோப்பை முடியறவரைக்கும் பொறுங்க உம்மர்க்கா. இனி ஒரு ஆட்டம் நின்னுபோச்சுன்னா நானே வந்து சாவிய உங்க கையில வெச்சுடறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன். இந்த லைன் போய்விட்டால் நீங்கள் திரும்பி வந்து எந்த வேலையைப் பார்ப்பீர்கள்? ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடியும் விசாவுக்கு அலைவீர்கள். லைனை விற்கச் சொல்லி நீங்கள் எழுதியதை, இனி ஊரில் வந்து தங்கப் போவதில்லை என்று எழுதியதாகத்தான் நான் படித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குப் பிரேசிலும் இங்கிலாந்தும். ஜும்ஆ தொழுகை நேரம்! முச்சந்தியில் எப்படிப்பட்ட குழப்பம் என்று நினைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஆம்பிளைகள் எல்லோரும் பள்ளிக்கு ஓடினார்கள். உஸ்தாதும் அன்று குத்பா பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தாராம். வீடுகளில் பெண்கள் மட்டும்தான். இங்கிலாந்து முதல் கோல் போட்டது, பிரேசில் திருப்பிப் போட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரே கூச்சல்: "மைமூனாத்தா, படம் போச்சு!"

படச்ச ரப்பே, என் உயிரே போய்விட்டது. வேலாயுதனைத் தேடினால் அவன் ஆற்றுக் கடவுக்கு அந்தப் பக்கம் தேங்காய் பறிக்கப் போயிருக்கிறான். வீட்டில் போட்டிருந்த மாக்ஸிக்கு மேல் உங்கள் பழைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, டூல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முச்சந்திக்கு ஓடினேன். குஞ்ஞிப்பாவின் தென்னையில் கேபிளைக் கயிற்றால் கட்டியிருக்கிறோமே, அந்தக் கட்டின் மேல் ஒரு அணில். வாய் நிறையத் தென்னை நார், மீசை வைத்த மாதிரி. நான் கையைத் தட்டியும் அது பயப்படவில்லை, இன்னொரு இழுப்பு இழுத்தது. கயிற்றின் அடியில் கேபிளின் கறுப்புத் தோல் உரிந்து, உள்ளே செம்பு அறுந்து தெரிகிறது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இரும்புக் கம்பி துருப்பிடிக்கும், தென்னை நார்க் கயிறுதான் மழைக்குத் தாங்கும் என்று நீங்கள்தான் எல்லாக் கட்டையும் கயிற்றில் கட்டச் சொன்னீர்கள். நாமும் மரத்துக்கு மரம் அணில் கூட்டுக்கு வேண்டிய நாரைக் கேபிளில் சுற்றி வைத்துவிட்டு, யார் வெட்டினார்கள் என்று ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தோம்.

அதை யோசிக்க அப்போது நேரம் இல்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, குஞ்ஞிப்பா கடைப் பின்னாலிருந்த மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறினேன். பாதி வேலையில் இருக்கும்போது ஜும்ஆ விட்டது. மொத்த ஊரும் வெளியே வந்து அண்ணாந்து பார்க்கிறது, சைதலவியின் பெண்டாட்டி முச்சந்தி நடுவில் ஏணி மேல் நிற்கிறாள்! உம்மர்க்கா அலறினார்: "ஏ மைமூனா, எறங்கு கீழ! குடும்ப மானத்தக் கப்பலேத்துறியா?" எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. "ரெண்டு நிமிசம் பொறுங்க உம்மர்க்கா, இல்லேன்னா உங்க பிரேசில் கப்பலேறிடும்!" என்றேன். குஞ்ஞிப்பா கீழே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். "நீ ஒட்டுடீ மோளே, நா புடிச்சுக்கறேன்" என்றார். பிரேசில் ஆட்டத்துக்கு அர்ஜென்டினா ஏணி பிடித்தது.

டேப்பைச் சுற்றி ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே ஆர்ப்பரிப்பு. படம் வந்துவிட்டது! எல்லோரும் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் பிரேசில் இன்னொரு கோல் போட்ட சத்தம் பள்ளிவாசல் வரை கேட்டது. உம்மர்க்கா மட்டும் ஆட்டம் பார்க்கப் போகவில்லை, ஏணியடியிலேயே நின்றிருந்தார். "உம்மர்க்கா, வயரு அறுந்தப்ப ஊர்ல அத்தன ஆம்பளையும் பள்ளிக்குள்ள இருந்தீங்க. இப்பவாவது சொல்லுங்க, எவன் வெட்டினான்?" என்று கேட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே தென்னையை அண்ணாந்து பார்த்தார்.

சாயங்காலம் வேலாயுதனை அந்தத் தென்னையில் ஏற்றினேன். மரத்தின் கொண்டையில் அணில் கூடு. மேலே இருந்து அவன் ஊருக்கே கேட்கக் கத்தினான்: "இத்தா, இங்க பிரேசிலும் அர்ஜென்டினாவும் ஒரே பாயில படுத்திருக்கு!" கூட்டில் நாரோடு மஞ்சள் நூல், பச்சை நூல், நீலம், வெள்ளை எல்லாம் பின்னிக் கிடக்கிறதாம், நடுவில் கண் திறக்காத மூன்று குட்டிகள். ஒரு பிடி நூலை மட்டும் எடுத்துக் கீழே போட்டான். உம்மர்க்காவும் குஞ்ஞிப்பாவும் அதை மாறி மாறிக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். "இதுக்கா ஒஞ்சட்டையப் புடிச்சேன்" என்று உம்மர்க்கா சொல்ல, "பட்டன் ரெண்டு போச்சு, அத மட்டும் தெச்சுக் குடு" என்று குஞ்ஞிப்பா சொல்ல, முச்சந்தியே வயிறு குலுங்கச் சிரித்தது. சாவி விஷயத்தை ஃபைனல் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று உம்மர்க்காவே சொல்லிவிட்டார்.

கூட்டைக் கலைக்கச் சிலர் சொன்னார்கள். நான் விடவில்லை. நாம் கட்டி வைத்த நாரைத்தானே அது எடுத்தது? கேபிள் பக்கம் வராமலிருக்க வேலாயுதன் ஒரு கட்டு நாரைக் கொண்டையிலேயே சொருகிவிட்டு வந்தான்.

ஆனால் வாய் ருசி கண்ட அணில் சும்மா இருக்குமா? வேலாயுதன் தேங்காயெண்ணெயில் மிளகாய்ப்பொடியைக் குழைத்துக் கேபிளில் தடவினான். அன்று இரவு மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது. மிச்சம் அவன் கண்ணில்தான் எரிந்தது. மரத்தில் தகரம் அடித்தோம், அது தோரணக் கயிற்றில் நடந்து வந்தது. கடைசியில் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய பிவிசி பைப்புகள் விறகுப்புரையில் கிடந்தது ஞாபகம் வந்தது. நீளவாக்கில் கீறி, ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு பக்கமும் கேபிளின் மேல் மாட்டினேன், பல் படாமல் இருக்கட்டும் என்று. கயிற்றுக் கட்டை எல்லாம் எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் பட்டையில் கட்டினோம், கேபிளில் உரசிய ஓலைகளையும் வெட்டினோம். பைப் பல்லைத் தடுக்கும் என்றுதான் நினைத்தேன். அது செய்த வேலையே வேறு. அணில் கால் வைத்ததும் பைப் கேபிளைச் சுற்றி உருண்டது, அணில் குஞ்ஞிப்பாவின் ஓட்டுக் கூரையில் தொப்பென்று விழுந்து, வாலைத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டியது. இரண்டு நாள் ஊரே தன் வேலையை விட்டுவிட்டு அதைத்தான் வேடிக்கை பார்த்தது.

தோரணத்தைக் கழற்றுவதுதான் பெரிய பாடு. "அவன் மொதல்ல எறக்கட்டும்" என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நானே எண்ணினேன், இரண்டு கொடியும் சேர்ந்து இறங்கின. இப்போது தரையில் மூங்கில் நட்டு, ஒரே உயரத்தில் பறக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். முச்சந்தியில் தார்ப்பாய் கட்டிப் பெரிய டிவி வைத்தார்கள். குஞ்ஞிப்பா ஆட்கள் உம்மர்க்காவை வெறுப்பேற்றவே ஜெர்மனிக் கொடி தைத்தார்கள், கறுப்புக்கு ஓட்டைக் குடைத்துணி, மஞ்சளுக்குக் கிழிந்த பிரேசில் கொடி! மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள், நான் தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதியில் அந்த அணில் வந்தது. பைப்பில் கால் வைத்தது, பைப் உருண்டதும் கொடி மூங்கிலைப் பிடித்துத் தொங்கி மேலே ஏறித் திரும்பிப் போய்விட்டது. படம் ஒரு கணம்கூட அசையவில்லை இக்கா. அப்புறம்தான் பிரேசில் இரண்டு கோலையும் போட்டது.

ஊர் ஆடிக்கொண்டிருந்தபோது உம்மர்க்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். சாவி கேட்கத்தான் வருகிறார் என்று இடுப்பில் இருந்த சாவியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு கிளாஸ் பாயசத்தை நீட்டி, "இத்தன பேரு மழையில நனைஞ்சு சந்தோசமா நிக்கறது ஒன்னாலதான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, பிரேசிலுக்காகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை டவுன் கம்பெனி ஆள் வந்தான். உம்மர்க்காதான் வாசலில் நின்று, "எங்க வீட்டுப் பொண்ணு நடத்துற லைன் இருக்கு, ஒங்க புது சாமானெல்லாம் வேற ஊர்ல போய் வித்துக்கோங்க" என்று அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு கடவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கனெக்ஷன் கேட்டு வந்திருக்கிறார்கள்.

அதனால் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது, இருக்கும். உங்கள் விசா புதுப்பிக்கிற மாதம் வருகிறது என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை கையெழுத்துப் போடாதீர்கள். வந்து லைனைத் தூக்கி நிறுத்த வேண்டுமே என்ற கவலை உங்களுக்கு வேண்டாம், அது நிற்கிறது. மரம் ஏற வேலாயுதன் இருக்கிறான், ஏணி பிடிக்க ஊரே இருக்கிறது. நீங்கள் வந்து செய்வதற்கு இங்கே ஒரு வேலையும் பாக்கியில்லை இக்கா. சும்மா வந்து வீட்டில் இருங்கள்.

அல்லாஹ் உங்களை உடல் சுகத்தோடு பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
மைமூனா