பெரியவர்கள் படத்தில் ஒரு குழந்தைக் கழுத்து

அன்புத் தங்கைக்கு,

தற்சமயம் மருத்துவ விஞ்ஞானத்தின் தூணாக விளங்கும் உன் அண்ணன் எழுதுவது. இங்கே நலம். மாப்பிள்ளையின் முட்டிவலி குறைந்ததா?

இனி நான் எழுதப்போவதை நீயோ, மாப்பிள்ளையோ, புத்தி தெளிந்த வேறு எவருமோ நம்பப்போவதில்லை என்று முன்கூட்டியே சத்தியம் செய்து தருகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் மகளின் பேச்சை எடுத்தாலே, அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். இத்தனை மாதமாக உன் வீட்டில் காய்ச்சிய பாலில் கப்பலே விடலாம்.

போன வாரம் உன் மகள் என்னைத் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அழைத்தாள். வயதான கழுத்து ஒன்று வேண்டுமாம். உலகத்தில் கழுத்துக்கா பஞ்சம்? இருந்தும் என்னுடையதைத்தான் கேட்டாள். இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். முதல் வேலையாகக் காலர் பித்தானைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

திரை இழுத்த சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர். ஸ்கேன் எடுக்கும் பெண் என் கழுத்தில் அரை வாளி பசையைக் கொட்டி, சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை வைத்து அழுத்தினாள். திரையில் என் ரத்தக்குழாய் தெரிந்தது. இரண்டு லாரிகள் எதிரெதிரே போகலாம். ரத்தம் பாய்ந்த இரைச்சலில், கீழ்மாடிக்காரர்கள் வெள்ளம் வந்துவிட்டதென்று செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழாயின் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது, எண்ணெயைக் குறையுங்கள் என்றாள் அந்தப் பெண். கோட்டைச் சுவர் பின்னே எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவளுக்குச் சரித்திர ஞானம் போதாது.

கருத்தரிப்புச் சிகிச்சையால் பிறந்த பிள்ளைகளின் ரத்தக்குழாய்ச் சுவரும் மற்றப் பிள்ளைகளின் சுவரும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் உன் மகளின் ஆராய்ச்சி. இது உனக்குத் தெரியும். தெரிந்த அன்றுதானே, "என் வயித்துல குத்தம் கண்டுபிடிக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்தினாய்? அவளைப் பெற நீ எத்தனை ஊசிகளைத் தாங்கினாய் என்று எனக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டுமென்றே மட்டமான ஜோக்குகளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.

குழந்தைகளை அழைப்பதற்கு முன்னால் இவர்களுக்குள் ஒரு ஒத்திகை உண்டாம். கூடத்தில் வேலை செய்கிற அத்தனை பேரும் படுத்து, கழுத்தைக் கொடுக்க வேண்டும். எல்லாம் இளசுகள், வயதான கழுத்து ஒன்றும் இல்லை என்றுதான் என்னைக் கூப்பிட்டது. பெயரை எடுத்துவிட்டு வெறும் எண் போட்டுப் படங்களைக் கலக்கிவிடுவார்கள். பிறகு எல்லோரும் தனித்தனியாக அளக்க வேண்டும். யாருடைய கழுத்து என்று தெரிந்தால் கண் ஓரவஞ்சனை செய்துவிடுமாம்.

பசையைத் துடைத்துவிட்டு நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். உன் மகள் அளந்துகொண்டே வந்தவள், ஒரு படத்தில் நின்றுவிட்டாள். இது பத்து வயதுப் பிள்ளையின் கழுத்து, பெரியவர்கள் படத்தில் எப்படிக் கலந்தது என்று ஸ்கேன் பெண்ணிடம் சண்டைக்கே போய்விட்டாள். இன்னும் ஒரு குழந்தையைக்கூட நாம் கூப்பிடவே இல்லையே என்றாள் அவள். இவள் விடவில்லை. சுவரைப் பார், எவ்வளவு மெல்லிசு, எவ்வளவு சீர், பெரியவர்களுக்கு இப்படி இருக்குமா என்று அடித்துப் பேசினாள். பிடிவாதத்தில் அச்சு அசல் நீயேதான்.

கடைசியில் தலைமை டாக்டரம்மா வந்து எண்ணைச் சரிபார்த்தார். கொஞ்சம் சிரித்தார்.

"இது உன் கழுத்தும்மா."

அறையே சிரித்தது. உன் மகள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே என்னிடம், "மாமா, இதை அம்மா பாக்கணும்" என்றாள்.

நான் உடனே, ஆராய்ச்சி முடிந்தது, பரிசு கொடுங்கள், மாலை எங்கே என்று ஆரம்பித்தேன். ஒரு கழுத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நூற்றுக்கணக்கில் பார்க்க வேண்டும் என்று கண்டித்தாள். அவள் ஆராய்ச்சிக்கு ஒரு கழுத்து போதாதுதான். உனக்குமா போதாது?

வெளியே வரும்போது இன்னொன்றும் சொன்னாள். "நான் குத்தம் தேடல மாமா. அம்மா மாதிரி இருக்கறவங்க கேக்கவே பயப்படற கேள்வி ஒண்ணு இருக்கு. அதுக்குப் பதில் தேடறேன்."

தங்கையே, ஆராய்ச்சிக்கான முதல் குழந்தை திங்கட்கிழமை தன் அம்மாவோடு வருகிறது. ஸ்கேன் நடக்கும்போது பக்கத்தில் நிற்கப்போகும் அந்த அம்மாவிடம் என்ன பேசுவதென்று உன் மகளுக்குத் தெரியவில்லை. இத்தனை படித்தும் அந்தப் பாடம் மட்டும் அவளுக்கு யாரும் நடத்தவில்லை. உன்னைவிட்டால் அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளைக் கூப்பிடு.

மற்றபடி என் கடிதத்தை வழக்கம்போலக் கழித்துக்கொண்டு படி. நான் எழுதினால் ரூபாய்க்குப் பத்து பைசாதான் தேறும் என்று நீயே சொல்வாய். இதில் நிஜம் ஒன்றே ஒன்று, அதுவும் மிகச் சின்னது. அரை மில்லிமீட்டர்கூட வராத ஒரு சுவர். யாருடையது என்று தெரியாமலே அதைக் குழந்தையுடையது என்று உன் மகள் சொன்னாள். அதில் மட்டும் நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

தாயும் மகளும் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அண்ணன்.