நோட்டை எரித்த செல்வினுக்கு

செல்வின்,

சட்டியில் பீன்ஸ் இருக்கிறது, சோள ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். உன் தலையில் நாலு தையல் போட்டிருக்கிறது, தண்ணீர் படக் கூடாது. மத்தியானம் உன் அம்மா வருவார். ஏணியிலிருந்து விழுந்தேன் என்று சொல். பெண்டாட்டி வாணலியால் அடித்தாள் என்று சொன்னாலும் சரி, எனக்கு வெட்கமில்லை.

எட்டு மாதம் தையல் ஆலையிலிருந்து வந்து வந்து நான் எழுதிய ஆங்கில வார்த்தைகள் அந்த நோட்டில். நாளைக்கு எனக்கு சான் பெத்ரோ நகரத்துக் கால் சென்டரில் நேர்காணல். நீ அந்த நோட்டைக் கிழித்து, இறைச்சி சுடக் கரி மூட்டினாய். "பழைய பேப்பர்னு நெனச்சேன்" என்றாய். இன்னொரு தடவை என் எழுத்தைத் தொட்டால் வாணலி இல்லை, வெட்டுக்கத்திதான்.

ஆனால் ஒன்று மண்டையைக் குடைகிறது. தையல் போட நர்ஸ் ஊசி குத்தியபோது நீ என்னைத் திட்டவில்லை. டிலே, கம்ப்ளைன்ட், ரீஃபண்ட் என்று நோட்டில் இருந்த வரிசையிலேயே கத்தினாய்.

"அமெரிக்காவுல இருந்தீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"இல்லம்மா, இவ சத்தமா படிச்சுக்கிட்டே துணி தொவைக்கிற தொட்டிப் பக்கத்துல இருந்தேன்."

மேசையில் புது நோட்டும் பென்சிலும் இருக்கின்றன. நான் ஆலையிலிருந்து வருவதற்குள் ஞாபகம் இருப்பதையெல்லாம் எழுது. பிழை இருந்தால் பரவாயில்லை.

நோல்வியா

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்கிற பக்கத்தை முதலில் எழுது. வந்ததும் நான் அதை உனக்குத்தான் வாசிக்க வேண்டும்.