எம்பட மரமுங்க

திருச்செங்கோடு,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நர்மதா வணக்கத்துடன் எழுதுவது. நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். போனில் நான் இதைப் பற்றி வாயைத் திறந்தாலே, "சின்னப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு? அம்மாகிட்டக் குடு" என்கிறீர்கள். கடிதம் என்றால் நடுவில் வைத்துவிட முடியாது. உங்கள் போர்வெல் ரிக் வண்டிக்குக் கம்ப்ரசர் சாமான் எடுத்துக்கொண்டு ராய்ப்பூருக்கு ரயில் ஏறும் அறிவழகன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வியாழக்கிழமை காலை, நம் காட்டோரம் பஸ் நிறுத்தத்தில் இருக்கும் வேப்பமரத்தின் பெரிய கிளை ஒடிந்து வசந்தாமணி அக்கா மேல் விழுந்தது. காற்றும் இல்லை, மழையும் இல்லை. மில் வேனுக்காக அக்கா சும்மா நின்றுகொண்டிருந்தார். கந்தவேல் மாமா உங்களிடம் "ஒரு வாது முறிஞ்சுது" என்று சொன்னாராம். அந்த வாதைத் தூக்க ஆறேழு ஆண்கள் வேண்டியிருந்தது. அக்காவுக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க நின்று செய்யும் மில் வேலைக்கு இனிப் போக முடியுமா என்று டாக்டரே சொல்லவில்லை.

ஒடிந்த இடத்தை நான் போய்ப் பார்த்தேன். உள்ளே மரமே இல்லை, அப்பா. மக்கிய எருவைப் போலக் கையோடு உதிர்ந்து வந்தது.

தை மாதம் அந்த மரத்தில் வெள்ளையாக நுரைத்து வடிந்ததே, அப்போதே நான் சொன்னேன். புளித்த கள் வாடை அடிக்கிறது, அடியில் காளான் பூத்திருக்கிறது, இது நோய், உள்ளே அழுகிக்கொண்டிருக்கும் என்று நூலகப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினேன். "பொஸ்தகத்துக்கு என்ன தெரியும்? அம்மன் பால் குடுக்கறா" என்று சிரித்தீர்கள். நீங்கள் வண்டிக்குத் திரும்பிய வாரமே, அங்கே அதுவரை புழுதியாகக் கக்கிக்கொண்டிருந்த போர்வெல்லில் தண்ணீர் பீறிட்டது. அவ்வளவுதான். இங்கே பால் வடிந்தால் அங்கே தண்ணீர் வரும் என்று முடிவு கட்டி, மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்றீர்கள். மாமா மஞ்சள் துணி சுற்றி, வேரை வெட்டி அங்கேயே சூலம் நட்டார்.

இப்போது ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "தீட்டோட நின்னிருப்பா, ஆத்தா தட்டிப்போட்டா" என்கிறார் மாமா. டீக்கடையில் அத்தனை பேரும் தலையாட்டுகிறார்கள். நீங்களும் போனில் "இருக்கும், இருக்கும்" என்றீர்கள். ஸ்பீக்கரில் எனக்குக் கேட்டது. நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா என்னிடம், "தெனம் எத்தன பேரு நிக்கறாங்க, உங்க ஆத்தாளுக்கு என்ர காலுதானா சாமி கெடச்சுது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கால் ஒடிந்தது போதாதென்று பழியையும் அவர் மேலேயே போடுகிறோமே, இது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் எழுத வேண்டும். போன வருடம் ரோடு அகலப்படுத்த மரத்துக்கு எண் போட வந்தவர்களிடம், "இது எம்பட மரமுங்க, எல்லைக்கல்லு அங்க நிக்குது பாருங்க" என்று வரைபடத்தை விரித்துக் காட்டினீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நேற்று கிராம நிர்வாக அலுவலர் போனில் கேட்டபோது, "அது ஹைவேஸ் மரமுங்க, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்றீர்கள். நிழலுக்கும் பாலுக்கும் நம் மரம், ஒடிந்து விழுந்தால் அரசாங்க மரமா? அவர் அதே கல்லிலிருந்து அளந்து பார்த்தார். மரம் முழுக்க நம் பட்டாவுக்குள்தான் இருக்கிறது. ரோட்டில் போகிறவர்களுக்கு ஆபத்து என்றால் அகற்றுவது நிலத்துக்காரர் பொறுப்பு என்று அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார். நீங்கள் சம்மதித்தால் மறுநாளே வெட்டலாம். இல்லையென்றால் ஆர்.டி.ஓ. உத்தரவு வர வேண்டும், நாளாகும் என்றார்.

மீதி மரம் ரோட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது. அடியில் என் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. நாங்கள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்பதும் அங்கேதான். சின்ன வகுப்புப் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னால், "எங்கம்மா சாமி கும்புடச் சொன்னாங்க" என்று அதனடிக்கே ஓடுகிறார்கள்.

உங்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. மரியாதைக் குறைவாக ஏதாவது எழுதியிருந்தால் வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கடிதம் கிடைத்ததும் முதலில் அலுவலருக்குப் போன் செய்து சம்மதம் சொல்லுங்கள். அடுத்து வசந்தாமணி அக்காவிடம் பேசுங்கள். தீட்டு எதுவும் இல்லை, நோய்ப்பட்ட மரத்தை நாம்தான் வெட்டாமல் விட்டோம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் ஊரில் யார் நம்புவார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பைப் தூக்கும்போது கவனம். உங்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் யாராவது தீட்டு என்று சொல்ல நான் விடமாட்டேன்.

உங்கள் மகள்,
நர்மதா

பி.கு.: உறையை ஒட்டும்போது நடந்தது இது. ஆத்தா தட்டிய மரத்தைக் கும்பிட இன்றைக்குக் கூட்டம் வருமென்று மாமா மரம் முழுக்க சீரியல் லைட் சுற்றி, நம் மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுத்திருந்தார். வெளிச்சம் பார்க்கப் பிள்ளைகள் அடியில் கூடிவிட்டார்கள். இந்த மரத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தையும் பேசாத அம்மா, அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு மோட்டார் ரூமுக்குப் போனார். மாமா கத்தக் கத்த, லைட்டையெல்லாம் அணைத்துவிட்டார்.